சாம்பல் நிறத் தேரை ரசிப்பது எப்படி?

முடிந்த அனிமேஷன் படத்தை ரசிக்க யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை, குழந்தைகளே பார்த்துக்கொள்வார்கள். பாதியில் நிற்கும் அனிமேஷனைப் பார்ப்பதற்குத்தான் கொஞ்சம் பழக்கம் வேண்டும். இப்போது அந்தப் பழக்கம் நம்மில் பலருக்கும் தேவைப்படுகிறது. ப்ளெண்டர் என்ற அனிமேஷன் மென்பொருள் இலவசம். சுமாரான லேப்டாப்பிலும் ஓடும். பாடங்கள் யூடியூபில் கொட்டிக் கிடக்கின்றன. பகலில் ஒரு வேலை, ராத்திரியில் பொம்மைக்கு நடை பழக்குவது என்று இருப்பவர்கள் சின்ன ஊர்களிலும் உண்டு. அவர்கள் செய்ததை முதலில் நமக்குத்தான் அனுப்புகிறார்கள். கூடவே ஒரு வரி: “எப்படி இருக்குண்ணே?”

நாம் என்ன செய்கிறோம்? “சூப்பர் தம்பி” என்று போட்டு ஒரு கட்டைவிரலையும் வைத்துவிட்டு நகர்ந்துவிடுகிறோம். அதில் அன்பு இருக்கிறது. அவனுக்கு உதவும்படி ஒன்றும் இல்லை. இன்னொரு வகை ஆசாமியும் உண்டு. “ஹாலிவுட் லெவலுக்கு வரலையே” என்பார். அதையும் வைத்துக்கொண்டு அந்தப் பையன் எந்த ஃப்ரேமை எங்கே நகர்த்துவான்?

ஓர் உதாரணத்தை வைத்துக்கொண்டு பேசுவோம். புதுக்கோட்டை மாவட்டம் விராலிமலை வட்டத்தில் ஆவூர் இருக்கிறது. வீரமாமுனிவர் பணியாற்றிய பழைய கிறிஸ்தவ ஊர். அங்கே பெரியநாயகி மாதா கோயிலில் ஈஸ்டரை ஒட்டி இயேசுவின் பாடுகளைச் சொல்லும் பாஸ்கா நாடகம் நடக்கும், தேரும் ஓடும். அந்த ஊர்க்காரன் ஒருவன் அந்தத் தேரோட்டத்தை எட்டு வினாடி அனிமேஷனாகச் செய்து அனுப்புகிறான் என்று கொள்ளுங்கள். வண்ணம் இல்லை, பூ அலங்காரம் இல்லை, முகங்கள் இல்லை. சாம்பல் நிறப் பொம்மைகள் பத்துப் பன்னிரண்டு வடத்தைப் பிடித்து இழுக்க, சாம்பல் நிறத் தேர் ஒன்று நகர்கிறது. இதில் ரசிக்க என்ன இருக்கிறது என்று தோன்றும். அசைவு இருக்கிறது. அது மட்டும்தான் இருக்கிறது. வண்ணமும் வெளிச்சமும் ஏறிய பிறகு அசைவிலுள்ள குறையும் மறைந்துவிடும், அழகும் மறைந்துவிடும். நன்றாகப் பார்க்க இதுதான் சமயம்.

இந்த வேலை வளர்ந்ததே இப்படிப் பாதியில் பார்த்துப் பேசித்தான். 1930களில் டிஸ்னி ஸ்டுடியோவில் காற்றோட்டமில்லாத ஒரு குட்டி அறையில் பென்சில் கோடுகளாக மட்டும் இருக்கும் காட்சிகளை ஓட்டிப் பார்ப்பார்கள். அந்த அறைக்கு வைத்த பெயரே வியர்வைப் பெட்டி. புழுக்கத்தில் வியர்த்தது பாதி, வால்ட் டிஸ்னி என்ன சொல்லப் போகிறாரோ என்று வியர்த்தது மீதி. அந்த ஸ்டுடியோவில் வேலை பார்த்த க்ளேர் வீக்ஸ் 1956-இல் மும்பை ஃபிலிம்ஸ் டிவிஷனுக்கு வந்து நம் ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்தார். ராம் மோகன் போன்ற அனிமேஷன் கலைஞர்கள் அந்தப் பட்டறையில் உருவானவர்கள். இந்த வேலையில் பாடம் என்பது பெரும்பாலும் ஒருவர் வரைய, இன்னொருவர் தோளுக்குப் பின்னால் நின்று பார்ப்பதுதான். இன்றைக்கு மென்பொருள் வீட்டுக்கே வந்துவிட்டது. தோளுக்குப் பின்னால் நிற்கும் ஆள்தான் வரவில்லை. ‘ஃப்ளோ’ என்ற லாட்வியப் படம் முழுக்க ப்ளெண்டரிலேயே செய்யப்பட்டு 2025-இல் ஆஸ்கார் வாங்கியது. அதன் இயக்குநர் கின்ட்ஸ் ஜில்பலோடிஸ் அதற்கு முந்தைய ‘அவே’ படத்தைத் தனி ஆளாகவே முடித்தவர். இந்தச் செய்தியைக் கேட்டு நம்பிக்கை வைத்த பையன்கள் எத்தனையோ பேர். அவர்களுக்குப் பின்னால் நிற்க வேண்டியது நாம்.

பார்ப்பதற்கு முன்னால் ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள்: “இது ப்ளாக்கிங்கா, ஸ்ப்ளைன் போட்டாச்சா?” ப்ளாக்கிங் என்றால் முக்கியமான நிலைகளை மட்டும் வைத்திருக்கிறான் என்று அர்த்தம். பொம்மை ஒரு நிலையிலிருந்து அடுத்ததற்கு வெட்டி வெட்டிக் குதிக்கும். அந்த நேரத்தில் “ரொம்ப விட்டு விட்டு வருதே” என்று சொன்னால், அஸ்திவாரம் தோண்டுகிறவனிடம் ஜன்னல் எங்கே என்று கேட்ட கதைதான். ஸ்ப்ளைன் என்றால் நடுவிலுள்ள ஃப்ரேம்களை கம்ப்யூட்டர் நிரப்பிவிட்டது. அப்போது பார்க்க வேண்டியது வேறு. கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் ஒரே மாதிரி மெதுவாகத் தொடங்கி ஒரே மாதிரி மெதுவாக முடிக்கும். அதனால் புதிதாகச் செய்கிறவர்களின் பொம்மைகள் தண்ணீருக்குள் நடப்பதுபோல் மிதக்கும். “மிதக்குது” என்று சொன்னாலே அவனுக்குப் புரியும். எங்கே மிதக்கிறது என்று சொன்னால் இன்னும் நல்லது.

முதல் தடவை நிறுத்தாமல் முழு வேகத்தில் பாருங்கள். கண் எங்கே போனது, எங்கே இடறியது என்பதை மட்டும் மனதில் வையுங்கள். முதல் தடவை பார்த்த கண் இரண்டாம் தடவை கிடைக்காது. அந்த முதல் இடறலைக் குறித்து வைப்பதுதான் நீங்கள் செய்யக்கூடிய பெரிய உதவி. செய்தவன் அதை நூறு தடவை பார்த்துப் பழகியிருப்பான், அவனுக்கு இனி இடறாது. அப்புறம் ஃப்ரேம் ஃப்ரேமாகப் பாருங்கள். யூடியூபில் போட்டிருந்தால் கம்ப்யூட்டரில் வீடியோவை நிறுத்திவிட்டு கமா விசையை அழுத்தினால் ஒரு ஃப்ரேம் பின்னால், புள்ளி விசையை அழுத்தினால் ஒரு ஃப்ரேம் முன்னால்.

இனி தேருக்கு வருவோம். தேர் கனமானது; அந்தக் கனம் திரையில் தெரிகிறதா என்பதுதான் இந்த எட்டு வினாடியின் முழுக் கேள்வி. தேர் இழுத்தவர்களுக்கு இது கையிலேயே தெரியும், அதைக் கண்ணுக்குக் கொண்டுவந்தால் போதும். வடம் முதலில் தரையில் தொய்ந்து கிடக்கும். ஆட்கள் பிடித்து முன்னால் சாய்வார்கள். வடம் தரையை விட்டு எழும்பி விறைக்கும். அதன் பிறகும் ஒரு நொடி எதுவும் நகராது. சத்தம் மட்டும் ஏறும், கால்விரல்கள் மண்ணைக் கவ்வும். பின்சக்கரத்துக்குக் கீழே சன்னைக்கட்டை போட்டு நெம்புவார்கள். சக்கரம் லேசாக அசைந்து, தயங்கி, பிறகுதான் உருளும். கீழே சக்கரம் கிளம்பும்போது மேலே உச்சி பின்னால் சாயும். ஒரு கணம் கழித்து முன்னால் வரும். தொங்கும் பூச்சரமும் சீரியல் லைட்டும் அதற்கும் பிறகு ஆடும். முட்டுக்கட்டை போட்டு நிறுத்தும்போது எல்லாம் தலைகீழ்: சக்கரம் நிற்கும், உச்சி முன்னால் குனியும், சரங்கள் கடைசிவரை ஆடிக்கொண்டிருக்கும்.

இந்த வரிசை மனதில் இருந்தால் அவனுடைய சாம்பல் தேரைப் பார்ப்பதே வேறு அனுபவம். 83-ஆவது ஃப்ரேமில் நிறுத்துகிறீர்கள். வடம் இன்னும் தொய்ந்திருக்கிறது, சக்கரமோ உருளத் தொடங்கிவிட்டது. அப்படியானால் தேரை யார் இழுத்தது? இதைத்தான் எழுத வேண்டும்: “83-ல வடம் தொங்குதுப்பா, ஆனா சக்கரம் கிளம்பிடுச்சு. வடம் விறைச்சு ஒரு அரை செகண்ட் நின்னுட்டு உருளட்டுமே.” “வெயிட்டே இல்ல ப்ரோ” என்று எழுதினாலும் விஷயம் அதுதான். ஆனால் அதைப் படிப்பவன் எட்டு வினாடியையும் சந்தேகப்படுவான். முதலாவதைப் படிப்பவன் பன்னிரண்டு ஃப்ரேம்களைத் தள்ளி வைத்தால் வேலை முடிந்தது.

நல்லதையும் அதே துல்லியத்தோடு சொல்ல வேண்டும். இடப்பக்கம் மூன்றாவது பொம்மை மட்டும் இழுப்பதை விட்டுத் திரும்பித் தேரைப் பார்க்கிறது என்றால், “அந்த ஆளை மட்டும் தொட்டுடாதே, தேரோட்டமே அவன்கிட்டதான் இருக்கு” என்று எழுதுங்கள். குறையைத் திருத்தும் அவசரத்தில் நல்லதையும் சேர்த்து அழித்துவிடுவது இந்தத் தொழிலில் தினப்படி நடப்பது. எது நல்லது என்று செய்தவனுக்கே தெரியாது.

பாஸ்கா மேடையைக் கடைசி வரிசையிலிருந்து பார்த்தவர்களுக்கு இன்னொரு வித்தையும் கைவசம் இருக்கும். அவ்வளவு தூரத்திலிருந்து முகம் தெரியாது, உருவத்தின் ஓரம்தான் தெரியும். பிலாத்து கை கழுவும்போது கைகளை நெஞ்சுக்கு நேராக வைத்துக் கழுவினால் பின்வரிசைக்கு ஒன்றும் புரியாது. உடலை விட்டுப் பக்கவாட்டில் நீட்டித்தான் கழுவியாக வேண்டும். அனிமேஷன்காரர்கள் பொம்மையை முழுக்கக் கறுப்பாக்கிப் பார்ப்பது இதற்காகத்தான். நிழலை மட்டும் பார்த்து என்ன நடக்கிறதென்று சொல்ல முடிந்தால் அந்த நிலை சரி. போன் திரையின் வெளிச்சத்தைக் குறைத்து, கையை எட்ட நீட்டிப் பிடித்துப் பார்த்தாலும் பாதி தெரிந்துவிடும்.

வேறு சில இடங்களும் உண்டு. கால்: தரையில் ஊன்றிய பாதம் வழுக்குகிறதா? கைகள்: இரண்டும் ஒரே நேரத்தில் ஒரே மாதிரி எழுகின்றனவா? நிஜத்தில் அப்படி நடப்பது அபூர்வம். கண்: தலைக்கு முன்னால் திரும்புகிறதா? ஒரு சத்தம் கேட்டால் நம் கண்தான் முதலில் போகும், தலை பின்னால் வரும். பெரும்பாலும் திரும்பும்போதே ஒருமுறை இமைக்கவும் செய்வோம். இது தவறினால் மற்ற எல்லாம் சரியாக இருந்தும் பொம்மை பொம்மையாகவே நிற்கும். ‘கோச்சடையான்’ 2014 மே மாதம் வந்தபோது “பொம்மைப் படம்” என்று ஒரே சொல்லில் ஒதுக்கியவர்கள் உண்டு. நடிகர்களின் அசைவைப் பதிவு செய்து எடுத்த படம் அது. சென்னையிலேயே பென்டாமீடியா நிறுவனம் 2000-இல் வந்த ‘பாண்டவாஸ்’ படத்தின் காலத்திலேயே அந்த முறையைக் கையாண்டிருந்தது. என் கணிப்பில் கோச்சடையானின் நடையும் வாள்வீச்சும் பல இடங்களில் உயிரோடுதான் இருந்தன. உயிர் போனது கண்ணில். அன்று பார்த்தவர்கள் உணர்ந்தது நிஜம். எங்கே என்று விரல் வைத்துச் சொன்னவர்கள்தான் குறைவு. நம் பையனுக்கு அந்த விரல்தான் வேண்டும்.

நடையைப் பற்றிக் கேட்டால், பார்த்து வா என்று அனுப்புவதே பாதி நேரம் சரியான பதில். மயில்கள் திரியும் விராலிமலைக்குப் பக்கத்தில் இருப்பவனுக்கு மயில் செய்ய ஆசை வருவது இயற்கை. தோகையே அவன் லேப்டாப்பைக் கொன்றுவிடும். வீட்டுக் கோழியில் ஆரம்பிக்கச் சொல்லுங்கள். போனில் ஸ்லோ மோஷன் வைத்துக் கோழியைப் பக்கவாட்டில் படம் பிடித்தால் ஒரு வேடிக்கை தெரியும்: உடம்பு முன்னால் போய்க்கொண்டே இருக்கும், தலை மட்டும் காற்றில் ஆணியடித்ததுபோல் ஒரே இடத்தில் நிற்கும், பிறகு வெடுக்கென்று முன்னால் பாய்ந்து மறுபடியும் நிற்கும். தலை ஆடுவதாக நாம் நினைப்பது உண்மையில் தலை நிற்பது. இதைப் பிடித்துவிட்டால் அவனுக்கு ஒரு மாதப் பாடம் மிச்சம்.

கருத்து வேறு, கைவேலை உதவி வேறு. “ஃபைல் அனுப்பினேன், உங்க சிஸ்டத்துல எல்லாம் பிங்க்கா வருதாண்ணே?” என்பது ரசனைப் பிரச்சினை அல்ல. படக் கோப்புகள் அவன் கம்ப்யூட்டரிலேயே தங்கிவிட்டன, அவ்வளவுதான். ஃபைல் மெனுவில் எக்ஸ்டர்னல் டேட்டாவுக்குள் பேக் ரிசோர்சஸ் கொடுத்துச் சேமித்து அனுப்பினால் சரியாகிவிடும். இதற்கெல்லாம் நீட்டி முழக்காமல் பதிலைச் சொல்லிவிட வேண்டும். “கூகுள் பண்ணிப் பாரு” என்பவர்களை எனக்குப் பிடிப்பதில்லை. கூகுளில் என்ன சொல் போட்டுத் தேடுவது என்று தெரியாமல்தானே அவன் நம்மிடம் வந்தான்?

அதேபோல் கிராமத்தில் ரெண்டர் போடுகிறவனுக்கு, அதாவது காட்சியை ஃப்ரேம் ஃப்ரேமாக இறுதிப் படமாக்குகிறவனுக்கு, முதலிலேயே சொல்லி வைக்க வேண்டியது ஒன்று. எட்டு வினாடி என்றால் வினாடிக்கு 24 வீதம் 192 ஃப்ரேம். ஒன்றுக்கு மூன்று நிமிடம் பிடித்தாலே ஒன்பதரை மணி நேரத்துக்கு மேல். நேரடியாக வீடியோவாக ரெண்டர் போட்டுவிட்டுத் தூங்கப் போனால், விடியற்காலை கரண்ட் போகும்போது அத்தனையும் போய்விடும். தனித்தனிப் படங்களாக ரெண்டர் போட்டால் 150-ஆவதில் நின்றாலும் 149 கையில் இருக்கும்; அங்கிருந்து தொடரலாம்.

ஃபைலை வாங்கி நீங்களே எல்லாவற்றையும் திருத்தித் திருப்பி அனுப்பும் ஆசையை மட்டும் அடக்கிக்கொள்ளுங்கள். கொஞ்சம் கைதேர்ந்தவர்களுக்குத்தான் இந்த நோய் அதிகம். திருத்திய ஃபைலைப் பார்த்து அவன் நன்றி சொல்வான், அடுத்த தடவையும் அதே தப்பைச் செய்வான். ஒரு சக்கரத்தின் அசைவை மட்டும் சரி செய்து, செய்ததைத் திரையோடு பதிவு பண்ணி அனுப்புங்கள். மற்ற மூன்று சக்கரமும் அவன் வேலை.

ஒரு நேரத்தில் இரண்டு விஷயத்துக்கு மேல் சொல்லாதீர்கள். பதினொன்று தெரிந்தாலும் இரண்டே சொல்லுங்கள், தேரின் கனத்தைக் கெடுப்பது எதுவோ அதை முதலில். பாக்கி ஒன்பதில் நான்கு அதோடு தானாகப் போய்விடும். கேட்ட பிறகும் அவன் உடன்படாமல் “எனக்கு இப்படித்தாண்ணே வேணும்” என்றால் விட்டுவிடுங்கள். அவனுடைய தேர் அது.

அடுத்த வெர்ஷன் வரும்போது பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டிப் பாருங்கள். வடத்தைச் சரி செய்யப் போய் ஆட்களின் கால் வழுக்கத் தொடங்கியிருக்கும். ஒன்றைத் தொட்டால் இன்னொன்று கலைவது சகஜம். அதை இந்தத் தடவை ஒரே வரியில் சொன்னால் போதும், பழகிய கண்ணால் அவனே மீதியைப் பார்த்துவிடுவான். நான்காவதோ ஐந்தாவதோ வெர்ஷனில் கண் எங்கும் இடறவில்லை என்றால், தேடிப் பிடித்துக் குறை சொல்ல வேண்டாம். “ரெண்டர் போடுப்பா, கரண்ட் இருக்கும்போதே” என்று சொல்லிவிடுங்கள்.