ஓவர்கிளாக்கிங்: ஒரு மதிப்பீடு

கணினியின் செயலியையோ வரைகலை அட்டையையோ தயாரிப்பாளர் குறித்த வேகத்துக்கு மேல் இயக்குவது ஓவர்கிளாக்கிங் எனப்படும். 1998-இல் வெளிவந்த இன்டெல் செலரான் 300ஏ செயலியைப் பலர் 300 மெகாஹெர்ட்சிலிருந்து 450 மெகாஹெர்ட்சுக்கு உயர்த்தினர்; அன்று அது நல்ல ஆதாயம். இன்றைய செயலிகளோ, வெப்பநிலை இடம்தரும் அளவுக்குத் தாமே வேகத்தைக் கூட்டிக்கொள்கின்றன. எனவே எஞ்சும் ஆதாயம் குறைவு.

செலவோ அதிகம். மின்திறன் வேகத்துக்கு நேர்விகிதத்திலும் மின்னழுத்தத்தின் இருமடிக்கு ஏற்பவும் உயரும். இரண்டையும் 10 விழுக்காடு கூட்டினால் மின்திறன் ஏறத்தாழ 33 விழுக்காடு கூடும். அதுவும் வெப்பமாகவே வெளிப்படும்.

கோடையில் 40 பாகை செல்சியசைத் தாண்டும் திருத்தணியில், விசிறி எவ்வளவு சுழன்றாலும் செயலி அறையின் வெப்பநிலைக்குக் கீழே குளிராது. சூடு எல்லையைத் தொட்டதும் செயலி தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். கூட்டியதன் பயன் கிட்டாது. இவ்வூர் வீட்டுக் கணினிக்குத் தூசி நீக்கிய விசிறியும் நல்ல காற்றோட்டமுமே முதல் தேவை.