இசைத்தட்டும் கால வரையறையும்: ஒரு மதிப்பீடு

முன்னுரை

இசைத்தட்டு மேடைக் கச்சேரியின் குறைபட்ட நகலாகவே பெரும்பாலும் மதிப்பிடப்படுகிறது. அதன் உருவாக்கத்தை நோக்கின், அது தனக்கெனக் கால இலக்கணம் கொண்ட தனி வடிவம் என்பது புலப்படும்.

அரக்குத் தட்டு

எமில் பெர்லினர் 1887இல் காப்புரிமை கோரிய கிராமபோன், ஒலியலையைச் சுருள்வரிப் பள்ளமாகத் தட்டில் பதித்தது. நிமிடத்திற்கு 78 சுற்று சுழன்ற பத்து அங்குல அரக்குத் தட்டின் ஒரு பக்கத்தில் ஏறத்தாழ மூன்று நிமிட இசையே அடங்கியது. எனவே கருநாடக இசையில் ஆலாபனை சுருங்கியது. நிரவலும் கற்பனைச் சுரமும் குறைந்தன அல்லது விடுபட்டன. இராகத்தின் உருவை முதற் சில பிடிகளிலேயே நிறுவும் கட்டாயம் பாடகருக்கு நேர்ந்தது. இதனை இழப்பென்று மட்டும் கொள்வது பொருந்தாது. செறிவும் இதன் விளைவே. ஆயினும், மணிக்கணக்கில் பாடிய கலைஞரின் மனோதர்மத்தை இத்தட்டுகளைக் கொண்டே அளவிடுவது பிழையான முடிவுக்கு இட்டுச்செல்லும்.

வினைல் தட்டு

1948இல் கொலம்பியா நிறுவனம் அறிமுகப்படுத்திய நெடுந்தட்டு 33⅓ சுற்றில் இயங்கியது; நுண்பள்ளங்களால் ஒரு பக்கத்தில் இருபது நிமிடத்திற்கு மேலும் இசை அடங்கியது. வினைல் எளிதில் உடையாதது, இரைச்சலும் குறைவு. எம்.எஸ். சுப்புலட்சுமியின் வேங்கடேச சுப்ரபாதம் 1963இல் நெடுந்தட்டாக வெளிவந்து, கோயில் வைகறையை இல்லங்களுக்குள் கொணர்ந்தது.

முடிவுரை

ஊசியை இறக்குதல், பக்கம் மாற்றுதல் ஆகிய செயல்கள் கேட்போரின் கவனத்தைக் கோருகின்றன. எண்மக் காலத்திலும் வினைல் ஈர்ப்பதற்கு ஒலித்தரத்தினும் இவ்வரம்பே முதன்மைக் காரணம் எனலாம். ஆகவே, பதிவின் வரம்பை அறிந்த பின்னரே அதனை இசை வரலாற்றுச் சான்றாகக் கொள்ளுதல் தகும்.