பூத்தலும் பூஞ்சையும்: நடுநிலைப்பள்ளி அறிவியல் பாடத்தின் சொல்லாட்சி குறித்த ஒரு மதிப்பீடு

திறவுச்சொற்கள்: பூஞ்சை, ஆம்பி, பூசணம், செவ்வழுகல், கலைச்சொல், அறிவியல் கற்பித்தல்

முன்னுரை

தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் பூஞ்சை, ஏழாம் வகுப்பில் விட்டேக்கர் 1969-இல் முன்வைத்த ஐந்துலக வகைப்பாட்டின் ஓர் உலகமாகவும், எட்டாம் வகுப்பில் ‘நுண்ணுயிரிகள்’ பாடத்தில் வைரஸ், பாக்டீரியா முதலியவற்றோடும் இடம்பெறுகிறது. இரண்டும் பூஞ்சை எவ்வகையைச் சேர்ந்தது என்பதிலிருந்து தொடங்குகின்றன. அது எவ்வாறு வாழ்கிறது என்பது பின்னுக்குச் செல்கிறது. நெல்லிக்குப்பம் போன்ற கரும்பு வட்டாரத்து மாணவர்க்கு இப்பாடம் பயன்பட வேண்டுமாயின் இவ்வரிசை மாற வேண்டும் என்பதும், அம்மாற்றத்திற்கான தொடக்கம் தமிழ் வழக்கிலேயே உள்ளது என்பதும் இக்கட்டுரையின் கருத்துகளாகும்.

வழக்கும் கலைச்சொல்லும்

மாணவர் வகுப்பிற்குக் கொண்டுவரும் சொற்கள் காளான், பூசணம் என்பன. மழைக்குப்பின் முளைக்கும் குடையும் ஊறுகாயில் படரும் படலமும் ஓரினம் என்பதை அச்சொற்கள் உணர்த்துவதில்லை. பாடநூல் தரும் ‘பூஞ்சை’ அவ்விரண்டையும் இணைக்கிறது. இது கலைச்சொல்லின் பயன். ஆனால் ‘பூஞ்சை உடம்பு’ என மெலிவைக் குறிக்கவும் அச்சொல் வழங்குவதால், விளக்கமின்றி வரும்போது மனப்பாடச் சொல்லாகவே நின்றுவிடுகிறது.

காளானுக்குரிய பழஞ்சொல் ஆம்பி. புறநானூற்று 164ஆம் பாடலில் பெருந்தலைச் சாத்தனார், சமைத்தலை மறந்த அடுப்பில் ஆம்பி பூத்திருப்பதைக் கூறித் தம் வறுமையைக் குமணனுக்கு உணர்த்துகிறார். அங்கு வரும் வினை ‘பூத்தல்’. இன்றும் பூசணம் ‘பூத்துவிட்டது’ என்றே சொல்கிறோம். இவ்வினை பூஞ்சையைத் தாவரமெனக் கருதச் செய்யும் என மறுக்கலாம். எனினும் அதில் நுட்பமான பொருத்தம் ஒன்றுண்டு. காளான் என்பது வித்துகளைத் தாங்கும் இனப்பெருக்க உறுப்பு மட்டுமே. பூஞ்சையின் உடல் மண்ணிலும் மரத்திலும் இழைகளாக ஓடுகிறது. பூசணத்தின் பச்சை, கருமை நிறங்களும் பெரும்பாலும் வித்துகளின் நிறங்களே. ஆகவே ஆசிரியர் கேட்க வேண்டிய வினா ஒன்றே: பூத்தது இது, உடல் எங்கே?

மறைந்திருக்கும் உடல்

நெல்லிக்குப்பத்தில் இவ்வினாவிற்கான விடை கரும்பில் உள்ளது. 1842 முதல் சர்க்கரை ஆலையுடன் வளர்ந்த ஊர் இது. கடலூர் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தின் கோ.க. 671 மிகுந்த சர்க்கரைச் சத்துக்குப் பெயர்பெற்றும் செவ்வழுகல் நோய்க்கு ஆளானது. கொலிடோட்ரைக்கம் ஃபால்கேட்டம் என்னும் பூஞ்சை இந்நோயை உண்டாக்குகிறது. தொடக்கத்தில் கரும்பு வெளியே நலமாகவே தோன்றும். நீளவாக்கில் பிளந்தால் சிவந்த தசையும் குறுக்கே வெண்திட்டுகளும் தெரியும். புளித்த வாடை வீசும். அத்தகைய கரும்பிலிருந்து வெட்டிய விதைக்கரணை நோயை அடுத்த நடவிற்கும் கொண்டுசெல்லும். ‘பச்சையம் அற்றவை’ என்னும் வரையறை மட்டும் அறிந்த மாணவர்க்கு இது விளங்காது. பூஞ்சை நொதிகளை வெளியே சுரந்து, உணவை உடலுக்கு வெளியிலேயே செரித்து, பின் உறிஞ்சுகிறது என்று அறிந்தவர்க்கு விளங்கும்.

இவ்வட்டாரத்தார் மல்லாட்டை என வழங்கும் நிலக்கடலையிலும் இதே நிலைதான். ஈரத்தில் சேமித்த பருப்பில் அஸ்பெர்ஜில்லஸ் ஃபிளேவஸ் உண்டாக்கும் அஃப்ளடாக்சின் கல்லீரலுக்குக் கேடானது. வறுத்தாலும் வேகவைத்தாலும் முற்றிலும் அழியாது. பூசணத்தை மேற்பரப்புக் கறையாக எண்ணுபவர் துடைத்துவிட்டு உண்பார். உடல் உள்ளே இருப்பதை அறிந்தவர் எறிந்துவிடுவார்.

முடிவுரை

எனவே பாடம் வகைப்பாட்டில் தொடங்காமல் பார்வையில் தொடங்குதல் தகும். பிளந்த கரும்பையும், மூடிய கண்ணாடிப் புட்டியில் திறக்காமல் வைத்த ஈர ரொட்டித்துண்டையும் நாள்தோறும் நோக்கியபின் இழை, நொதி, வித்து ஆகிய சொற்களையும், இறுதியில் தனி உலகம் என்னும் வகைப்பாட்டையும் அறிமுகம் செய்யலாம். வழக்குச் சொல் மட்டும் போதாது. வெளியே நிகழும் செரிமானத்தைச் சொல்ல நம் பேச்சில் வினை இல்லை. அவ்விடத்தில்தான் கலைச்சொல் இன்றியமையாததாகிறது. வழக்கு எதுவரை வழிகாட்டுகிறது, எங்கே நின்றுவிடுகிறது என்பதை அறிந்து கலைச்சொல்லைப் புகுத்துவதே தமிழ்வழி அறிவியல் கல்வியின் பணி.