இணையநிரல் கருவித் தேர்வும் தமிழ் எழுத்தும்: ஒரு மதிப்பீடு

முன்னுரை

இணையநிரல் எழுதக் கற்கும் தமிழ் ஆய்வாளருக்கு உரைத்திருத்தியையும் பிழைநீக்கியையும் பரிந்துரைப்போர் பெரும்பாலும் வேகம், வண்ணக் குறிப்பு, விலையின்மை ஆகியவற்றையே அளவுகோலாகக் கொள்கின்றனர். தமிழ்த் தரவைக் கையாளும் நிரலுக்கு இவை போதா. திரையில் தெரியும் எழுத்துக்குப் பின்னுள்ள குறியெண்ணைக் கருவி காட்டுகிறதா என்பதே முதல் அளவுகோலாதல் வேண்டும் என இக்கட்டுரை வாதிடுகிறது.

எழுத்தும் குறியெண்ணும்

விழுப்புரம் வட்டார இடப்பெயர்களுக்கு ஜாவாஸ்கிரிப்டில் ஓர் அடைவு அமைப்பதாகக் கொள்வோம். 'கெடார்' இலக்கணப்படி மூன்றெழுத்துச் சொல். நிரலின் 'லெங்த்' பண்போ 6 எனக் காட்டும். ஒருங்குறியில் உயிர்க்குறிகளும் புள்ளியும் தனிக் குறியெண்கள் பெறுவதே காரணம். இப்பிழை எளிதில் கண்ணில் படும். 'இன்டல் செக்மென்டர்' கொண்டு எண்ணினால் 3 என்னும் விடை கிடைக்கும்.

'செஞ்சிக்கோட்டை' தரும் சிக்கல் வேறு. இதிலுள்ள ஓகாரக் குறியை 3019 என்னும் ஒரே குறியெண்ணாலும், 3015, 3006 என்னும் இரண்டாலும் எழுத இயலும். திரையில் வேறுபாடு தெரியாது. ஆனால் முன்னதில் 14 குறியெண்கள், பின்னதில் 15. நேரடி ஒப்பீட்டில் இவை இரு வேறு சொற்கள். நிரல் பிழைச்செய்தி எதனையும் தராது. அடைவில் ஓர் ஊர் இரண்டாகப் பதிவாகும். தேடலில் ஒன்று விடுபடும்.

கருவிகளின் மதிப்பீடு

'விஷுவல் ஸ்டுடியோ கோட்' புலப்படாத குறிகளையும் குழப்பந்தரும் ஒத்த வடிவங்களையும் சுட்டும். எனினும் அவ்வசதி மேற்கண்ட சமன்மையைச் சோதிப்பதற்கென அமைந்ததன்று. 'விம்', 'ஈமேக்ஸ்' ஆகியன இடஞ்சுட்டி நிற்கும் குறியின் எண்ணைக் கட்டளையில் தரும். ஆனால் தொடக்கநிலையினர்க்கு அவற்றைப் பழகுதல் அரிது. உலாவியின் பிழைநீக்கி நிரலை நிறுத்திய இடத்தில் மாறியின் மதிப்பை எழுத்துருவிலேயே காட்டும். கன்சோலில் 'கோட்பாயிண்ட்அட்' கொண்டு வினவினால் மட்டுமே உண்மை வெளிப்படும். ஆகவே எளிய திருத்தியொன்றையும் உலாவிக் கன்சோலையும் இணைத்துப் பயில்வதே தமிழ்த்துறை மாணவர்க்கு ஏற்றது. உள்ளீட்டிலேயே 'நார்மலைஸ்' செயற்கூற்றால் சொற்களை ஒருவடிவாக்குதல் அதனோடு சேர வேண்டிய வழக்கம்.

முடிவுரை

கணினி தந்த எண்ணிக்கையை ஆய்வேட்டில் சான்றாக வைப்பவர் அதற்குப் பொறுப்பேற்கிறார். பாடவேறுபாடு நோக்காத பதிப்பை ஏற்கத் தயங்கும் நாம், குறியெண் நோக்காத எண்ணிக்கையையும் அவ்வாறே ஏற்கத் தயங்குதல் வேண்டும்.