சுட்டெண்ணும் வாழ்வும்

பங்கு விலைச் சுட்டெண்ணை நாட்டுப் பொருளாதாரத்தின் கண்ணாடியெனக் கொள்வோர் பலர். 2021 ஆம் ஆண்டில் கொழும்புச் சந்தையின் அனைத்துப் பங்கு விலைச் சுட்டெண் ஏறத்தாழ 80 சதவீதம் உயர்ந்தது. அவ்வாண்டிலேயே இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டது. அந்நியச் செலாவணி அருகியது. 2022 ஏப்ரலில் அரசு வெளிநாட்டுக் கடன் செலுத்துவதை இடைநிறுத்தியது.

சுட்டெண் பொய்யுரைத்ததா? இல்லை. பட்டியலிடப்பட்ட கம்பனிகள் மீது முதலீட்டாளர் கொண்ட எதிர்பார்ப்பையே அது அளவிடுகின்றது. வட்டி வீதம் தாழ்ந்தால் பணம் பங்குகளை நாடும். வத்தேகமவின் சிறு கடைகளுக்கு அதில் இடமில்லை. தோட்டக் கம்பனிகளுக்கு இடமுண்டு. எனினும், 2021 இல் 1000 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்ட தொழிலாளரின் நாட்சம்பளம் அக்கம்பனிகளின் கணக்கில் செலவாகவே தோன்றும்.

ஆதலின், சுட்டெண்ணை நோக்குவோர் சம்பளத்தையும் விலைவாசியையும் உடன்வைத்தே நோக்குதல் வேண்டும்.