தீர்மானம் வாசிக்கும்போது எழுந்து போகிறவர்கள்

கட்சி மாநாட்டுக்குப் போய்வந்த ஒருவரிடம் “என்ன பேசினாங்க?” என்று கேட்டுப் பாருங்கள். முதலில் கூட்டத்தைச் சொல்வார். அடுத்து சுங்கச்சாவடியில் வேன் மணிக்கணக்கில் நின்றது, பந்தல், பிரியாணி. பேச்சுக்கு வரும்போது ஒரு பஞ்ச், எதிர்த்தரப்புத் தலைவருக்குச் சூட்டிய பட்டப்பெயர், ஒரு குட்டிக் கதை, அவ்வளவுதான். எத்தனை தீர்மானம் போட்டார்கள், எதைப் பற்றிப் போட்டார்கள் என்று கேட்டால் முழிப்பார். அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அன்றைய நிகழ்ச்சி நிரலே அப்படித்தான் அமைகிறது.

எந்தக் கட்சியிலும் அட்டை வாங்காத, ஆனால் ஓட்டுப் போடத் தவறாத வாக்காளர்களில் நானும் ஒருவன். மாநாட்டுப் பேச்சுகளை நேரிலும் தொலைக்காட்சியிலும் விடாமல் கேட்பேன். அந்தப் பழக்கத்தைப் பார்த்து வீட்டில் சிரிப்பார்கள். இவ்வளவு கேட்டபின் எனக்குத் தோன்றுவது இதுதான்: நம் மாநாட்டுப் பேச்சு கட்சிக்காரரைப் பார்த்துப் பேசப்படுகிறது. வாக்காளர் அதைப் பக்கத்து இலையில் பரிமாறுவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அதற்காக அதைத் தள்ளிவிடவும் முடியாது. இந்த மாநிலத்தில் நடந்த சில பெரிய காரியங்கள் மாநாட்டுப் பந்தலில்தான் முதலில் வாய்விட்டுச் சொல்லப்பட்டன.

1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் நடந்த முதல் சுயமரியாதை மாநாட்டை எடுத்துக்கொள்வோம். பெண்களுக்குச் சொத்தில் சம உரிமை வேண்டும் என்று அங்கே தீர்மானம் போட்டார்கள். அன்றைக்கு அது நடக்கிற பேச்சாக எவருக்கும் பட்டிருக்காது. 1989இல் தமிழ்நாடு சட்டமன்றம் அதைச் சட்டமாக்கியது. நடுவில் அறுபது ஆண்டுகள். அதே மாநாட்டில் பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போடுவதை விட்டுவிடும்படியும் தீர்மானம் வந்தது. தலைமை தாங்கிய சௌந்தரபாண்டியனார் அதன்படியே தம் பட்டத்தைத் துறந்தார். தீர்மானத்தின் முதல் செலவைத் தலைவரே ஏற்றுக்கொண்டார் என்பதால் அந்த மாநாட்டை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். 1944இல் சேலத்திலும் இதே மாதிரி நடந்தது. நீதிக்கட்சி திராவிடர் கழகமாகப் பெயர் மாறிய அந்த மாநாட்டில், வெள்ளைக்கார அரசு கொடுத்த ராவ்பகதூர், திவான்பகதூர் பட்டங்களை விட்டுவிட வேண்டும் என்றது அண்ணாதுரை கொண்டுவந்த தீர்மானம். பட்டத்தை விட மனமில்லாதவர்கள் கட்சியை விட்டு விலகினார்கள்.

இந்த வரிசையில் எனக்கு மிகவும் பிடித்தது 1956 திருச்சி. தேர்தலில் நிற்பதா வேண்டாமா என்று திமுக முடிவு செய்ய வேண்டியிருந்தது. மேடையில் இருப்பவர்கள் முடிவெடுத்து அறிவித்துவிட்டுக் கைதட்டல் வாங்கியிருக்கலாம். அவர்கள் மாநாட்டுக்கு வந்தவர்கள் முன் வாக்குப்பெட்டியை வைத்தார்கள். நிற்கலாம் என்று 56,942 பேர், வேண்டாம் என்று 4,203 பேர். மறு ஆண்டு தேர்தலில் கட்சி 15 சட்டமன்ற இடங்களைப் பிடித்தது. முடிவு என்னவாக வரும் என்பது தலைவர்களுக்கு முன்கூட்டியே தெரிந்திருக்கலாம். ஆனாலும் பேச்சைக் கேட்டவருக்கு, கேட்டு முடித்ததும் செய்ய ஒரு வேலை இருந்தது. வேண்டாம் என்று சொன்ன நாலாயிரத்துச் சொச்சம் பேரும் கணக்கில் ஏறினார்கள்.

இன்றைக்குத் தீர்மானம் முன்பே அச்சாகி வருகிறது. ஒருவர் வாசிப்பார், ஒருவர் வழிமொழிவார், கைதட்டினால் ஏகமனதாக நிறைவேறியது என்று அறிவிப்பார்கள். நம் ஊரில் மட்டும் இப்படி என்று நினைத்தால் தவறு. அமெரிக்காவில் ஒரு காலத்தில் அதிபர் வேட்பாளரை மாநாடுதான் உண்மையாகவே தேர்ந்தெடுத்தது. 1952க்குப் பிறகு அங்கே எந்தப் பெரிய கட்சிக்கும் இரண்டாவது சுற்று வாக்கெடுப்பு தேவைப்படவில்லை. முடிவு முன்பே தெரிந்துவிடுவதால் மாநாடு தொலைக்காட்சி நிகழ்ச்சியாகிவிட்டது. முடிவெடுக்கும் வேலை போனால் பேச்சு மட்டும் மிஞ்சும், பேச்சுக்கு அலங்காரம் கூடும். இரண்டு நாட்டிலும் நடந்தது இதுதான்.

அலங்காரம் என்று இளக்காரமாகச் சொல்லிவிட முடியாதபடி நம் மேடைத்தமிழுக்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1847இல் யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் ஆறுமுக நாவலர் பிரசங்கம் தொடங்கியபோது, பாதிரிமார்களின் பிரசங்க முறையை எடுத்துச் சைவத்துக்குப் பயன்படுத்தினார். அந்த வழி அரசியலுக்கு வந்துசேர அரை நூற்றாண்டுக்கு மேல் ஆனது. திராவிட இயக்கத்தின் மேடையில் ஏட்டுத்தமிழும் எதுகை மோனையும் கூலிவேலை முடித்து வந்து தரையில் உட்கார்ந்திருந்தவருக்காகப் பேசப்பட்டன. மதுரையில் தங்கி மேடைப்பேச்சை ஆராய்ந்த அமெரிக்க மானிடவியலாளர் பெர்னார்ட் பேட், 2009இல் வெளியான தம் நூலில் இந்த அழகியலைத்தான் விரிவாக எழுதினார். பள்ளிக்கூடம் போகாதவருக்கும் நல்ல தமிழ் காதில் விழுந்தது, ‘என்னையும் மதித்து இந்தத் தமிழில் பேசுகிறார்கள்’ என்று ஒரு நிமிர்வு வந்தது. இதை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை.

ஆனால் எதுகைக்கு ஓர் ஆபத்து உண்டு. அது கருத்தை விட நீண்ட நாள் வாழும். இரவு நேரம் கழித்து வந்துசேர்ந்த அண்ணா, சித்திரை, பத்தரை, நித்திரை, முத்திரை என்று நாலே வரியில் ஓட்டுக் கேட்டுவிட்டு இறங்கினார் என்ற கதையைக் கேட்காத தமிழர் இருக்க மாட்டார். எந்த ஊர்க் கூட்டம் என்றால் ஆளுக்கு ஓர் ஊர் சொல்வார்கள். அண்ணா காலத்துப் பொதுத்தேர்தல்கள் இங்கே மாசி, பங்குனி வாக்கில்தான் நடந்தன என்பதை யாரும் யோசிப்பதில்லை. அந்த அண்ணாவே மணிக்கணக்கில் பொருளாதாரம் பேசினார், மாநிலங்களவையில் வாதாடினார். அவையெல்லாம் நூலகத்துக்குப் போய்விட்டன, நித்திரையும் முத்திரையும் நாக்கில் நின்றன.

சில ஆண்டுகளுக்கு முன் தென்மாவட்டம் ஒன்றில் நடந்த மாநாட்டில், பந்தலின் கடைசிப் பகுதியில் உட்கார்ந்திருந்தேன். மேடையில் இருப்பவர் கட்டைவிரல் அளவு தெரிந்தார். ஒலிபெருக்கிக் கம்பங்கள் வரிசையாக நின்றதால் ஒவ்வொரு சொல்லும் பக்கத்தில் ஒருமுறை, தூரத்தில் ஒருமுறை என்று இரண்டு தடவை கேட்டது. பந்தலுக்கு வெளியே வெயிலில் நின்றவர்கள் பிளாஸ்டிக் நாற்காலியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு நின்றார்கள். வரவேற்புரை நிகழ்த்தியவர் ‘அவர்களே’, ‘அவர்களே’ என்று மேடையில் இருந்த அத்தனை பேரையும் விளித்து முடிப்பதற்குள் எனக்குப் பின்னால் இருந்த இளைஞர் ஒரு தூக்கம் போட்டு எழுந்தார். அந்த விளிப்புப் பட்டியல் எனக்குத்தான் வெட்டி. ஒன்றிய, மாவட்டப் பொறுப்பாளர்கள் அதைக் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார்கள். யார் பெயர் யாருக்கு முன்னால் வந்தது, யார் பெயர் விட்டுப்போனது என்பதில் அடுத்த தேர்தலுக்கு யாருக்கு சீட் என்பது அவர்களுக்கு விளங்குகிறது.

மாலையில் தீர்மானங்களை வாசிக்க ஒருவர் எழுந்தார். சரியாக அதே நேரத்தில் சாப்பாட்டுக் கவுண்டரைத் திறந்தார்கள். வரிசை வரிசையாக எழுந்து போனார்கள். வாசித்தவரும் சட்டென்று வேகம் பிடித்தார். ஒரு தீர்மானம் கண்மாய்களைத் தூர்வாருவது பற்றியது. என் பக்கத்தில் இருந்த பெரியவர் எழுந்து போகாமல், காதில் கையை வைத்துக்கொண்டு கேட்டார். முடிந்ததும் என்னிடம் திரும்பி, “எந்தக் கம்மான்னு சொன்னாங்களா தம்பி?” என்றார். சொல்லவில்லை என்றேன். “வரத்துக் கால்வாயச் சொன்னாங்களா?” அதையும் சொல்லவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு அவரும் சாப்பாட்டுக்குப் போனார். இரவில் தலைவர் வந்தபோது வாணவேடிக்கை, விசில். அவர் பேசிய பேச்சில் முக்கால்வாசி எதிர்க்கட்சியைப் பற்றியது. பெரியவர் அப்போது தூங்கிவிட்டிருந்தார்.

வாக்காளராக எனக்குப் பெரிய குறை இந்த முக்கால்வாசியில்தான். எதிரியைப் பெயர் சொல்லி அடையாளம் காட்டுவது அரசியலில் நேர்மையான வேலைதான். ஆனால் ஆளுங்கட்சி மாநாட்டில் எதிர்க்கட்சியின் பழைய ஆட்சியும், எதிர்க்கட்சி மாநாட்டில் ஆளுங்கட்சியின் இன்றைய ஆட்சியும் மட்டுமே பேசப்பட்டால், பேசுகிறவர்களின் சொந்தக் கணக்கு எந்த மாநாட்டிலும் வாசிக்கப்படுவதில்லை. போன மாநாட்டில் போட்ட தீர்மானம் என்ன ஆயிற்று என்று இந்த மாநாட்டில் சொன்ன கட்சியை நான் பார்த்ததில்லை.

வாக்குறுதியை எப்படிச் சொல்ல வேண்டும் என்பதற்கு 1967 தேர்தல் மேடைகளில் ஒலித்த அரிசிப் பேச்சு ஒரு நல்ல பாடம். ரூபாய்க்கு மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம் என்றார்கள். ஆசையையும் உறுதியையும் தனித்தனியே பிரித்துச் சொன்ன அந்த வாசகம் கெட்டிக்காரத்தனமானது, ஒரு வகையில் நேர்மையானதும்கூட. ஜெயித்தபின் சென்னையிலும் கோவையிலும் ஒரு படித் திட்டத்தைத் தொடங்கினார்கள். நிதி தாங்காமல் மற்ற ஊர்களுக்கு விரிக்க முடியவில்லை. ஆனால் எது நிச்சயம், எது லட்சியம் என்று மக்களுக்குத் தெரிந்திருந்ததால் கேள்வி கேட்க முடிந்தது. 1988இல் நியூ ஆர்லியன்ஸ் நகரில் நடந்த குடியரசுக் கட்சி மாநாட்டில் ஜார்ஜ் புஷ், புதிய வரி கிடையாது என்று தம் உதட்டையே பார்க்கச் சொல்லி முழங்கினார். 1990இல் வரியை உயர்த்தும் ஒப்பந்தத்துக்குச் சம்மதித்தார். அந்த மாநாட்டு வாக்கியத்தை 1992 தேர்தலில் எதிரிகள் திரும்பத் திரும்பப் போட்டுக் காட்டினார்கள், அவர் தோற்றார். அங்கேயும் மாநாடு வெறும் காட்சிதான் என்று மேலே சொன்னேன். ஆனால் மறுநாள் காலை பத்திரிகைகள் பேச்சை எடுத்து, இந்த எண் சரி, இந்தத் தகவல் தவறு என்று வரிவரியாகச் சரிபார்க்கின்றன. நம் தொலைக்காட்சியில் அன்றிரவு விவாதம் ‘கூட்டம் எவ்வளவு’ என்பதில் தொடங்கி, ‘யாருக்குப் பாதிப்பு’ என்பதில் முடிகிறது.

கூட்டத்தை வைத்து ஓட்டை எடைபோடுவதில் எத்தனை முறை ஏமாந்தாலும் நமக்கு அலுப்பதில்லை. 2005 செப்டம்பரில் மதுரையில் விஜயகாந்த் கட்சி தொடங்கிய மாநாட்டுக்கு வந்த கூட்டத்தைப் பார்த்து இரண்டு பெரிய கட்சிகளுமே கவலைப்பட்டன. மறு ஆண்டு தேமுதிகவுக்கு எட்டு விழுக்காட்டுக்கு மேல் வாக்கு கிடைத்தது. முதல் தேர்தலுக்கு அது பெரிய எண்ணிக்கை. ஆனால் கிடைத்தது விருத்தாசலம் என்ற ஒரே ஒரு தொகுதி. கூட்டம் பொய் சொல்லவில்லை. ஆனால் தேர்தலில் ஜெயிக்கத் தேவையான கணக்கையும் அது சொல்லவில்லை. கூட்டத்தைக் காட்ட வேண்டும் என்ற அவசரத்தில், காத்திருப்பவரின் உடம்பை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. காலையிலேயே வரச் சொல்லி, தலைவர் இருட்டியபின் வருவது எல்லாக் கட்சிக்கும் வழக்கம். 2025 செப்டம்பர் 27 அன்று கரூரில் விஜயின் தமிழக வெற்றிக் கழகம் (தவெக) நடத்திய பரப்புரைக் கூட்ட நெரிசலில் 41 பேர் இறந்தார்கள். அது மாநாடு அல்ல, யார் பொறுப்பு என்பதை விசாரணைதான் சொல்ல வேண்டும். ஆனால் மணிக்கணக்காக நின்ற கூட்டம் என்பது மாநாட்டுக்குப் போகிற எல்லோருக்கும் பழக்கமான ஒன்று.

இத்தனை குறைக்கு நடுவிலும் மாநாட்டுப் பேச்சு சில சமயம் நிஜமாக வேலை செய்துவிடுகிறது. 2024 அக்டோபர் 27, விக்கிரவாண்டி வி.சாலையில் நடந்த தவெக மாநாட்டில் விஜய் பேசியதில் பாம்பைக் கையில் பிடித்த குழந்தையின் கதைதான் ஊரெங்கும் ஓடியது. என் காதில் நின்றது வேறு. கூட்டணிக்கு வருகிறவர்களுக்கு ஆட்சியிலும் அதிகாரத்திலும் பங்கு என்று அவர் சொன்னது. 2006இல் 96 இடங்கள் மட்டும் வைத்திருந்த திமுககூட, 34 இடங்கள் வைத்திருந்த காங்கிரஸை அமைச்சரவையில் சேர்க்காமல் வெளியிலிருந்து ஆதரவு வாங்கியே ஐந்தாண்டை ஓட்டிய மாநிலம் இது. அங்கே ஒருவர் இப்படிச் சொன்னதும் மற்ற கட்சிகளெல்லாம், முக்கியமாகக் கூட்டணியில் இருந்த சிறிய கட்சிகள், பதில் சொல்ல வேண்டிவந்தது. அதை யார் சொன்னார், செய்வாரா என்பது வேறு. ஒரு பேச்சு மற்றவர்களைத் தங்கள் நிலைப்பாட்டை வாய்திறந்து சொல்ல வைத்ததா என்பதைத்தான் நான் பார்ப்பேன். மறு ஆண்டு மதுரை மாநாட்டில் அவர் முதலமைச்சரை ‘அங்கிள்’ என்று கூப்பிட்டது அதை விட நூறு மடங்கு பரவியது. அந்தச் சொல்லால் எவரும் எந்த நிலைப்பாட்டையும் சொல்ல வேண்டிவரவில்லை.

மாநாடே வேண்டாம் என்று சொல்லும் நண்பர்கள் எனக்கு உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. சொந்தக் காசு போட்டு வேன் பிடித்து வருகிற தொண்டருக்கு அது திருவிழா. ஐந்தாண்டில் ஒருமுறை வாக்குச்சாவடி வாசலில் நாள் முழுக்க நிற்கப்போகிறவர் அவர்தான். அவருக்குத் தெம்பு வேண்டாமா? நான் கேட்பது ஒன்றே ஒன்று. முதல் அரைமணி நேரத்தில், சாப்பாட்டுக் கவுண்டரைத் திறப்பதற்கு முன், போன மாநாட்டுத் தீர்மானங்களில் நடந்தது எது, நடக்காதது எது என்று ஊர் பெயரோடு படியுங்கள்.

இதை எனக்குத் தெரிந்த ஓர் ஒன்றியச் செயலாளரிடம் சொன்னேன். நல்ல மனிதர், பொறுமையாகக் கேட்டார். “அப்படிப் படிச்சா எவன் சார் உட்கார்ந்திருப்பான்?” என்றார். கண்மாய் எது என்று கேட்ட பெரியவரைப் பற்றிச் சொன்னேன். எந்த ஊர்க்காரர் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டு, “அந்த ஊரா? அது எப்பவும் நம்ம ஓட்டுதான் சார்” என்றார்.