அரைமண்டியிலிருந்து விளையாட்டு மருத்துவத்துக்கு: இங்கும் அங்கும்

பரதம் ஆடுகிற ஒரு பெண் விளையாட்டு மருத்துவராக வர ஆசைப்பட்டால், அவளைச் சென்னைக்கு அனுப்புங்கள், இலங்கையில் இதற்கு என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் உண்டு. கேட்பவர்களில் பாதிப் பேர் இலங்கைத் தமிழர்களாகிய நம்மவர்கள் என்பதுதான் கூடுதலாக உறுத்துகிறது. ஆடலுக்கு மயிலாப்பூர், மருத்துவத்துக்குப் போரூர் என்று அவர்கள் இரண்டு முகவரிகளைத் தயாராக வைத்திருக்கிறார்கள். அந்த முகவரிகளின் பெருமையை மறுக்க இக்கட்டுரை எழுதப்படவில்லை. ஆனால் ஆடலையும் மருத்துவத்தையும் ஒரே பெண்ணின் வாழ்க்கைக்குள் வைத்திருக்க எந்த நாட்டு ஏற்பாடு கூடுதலாக இடம் கொடுக்கிறது என்று கேட்டால், விடை இலங்கையின் பக்கமே சாய்கிறது என்பது என் வாதம். கருவிகள் குறைவு, இடங்கள் குறைவு, ஊர் சிறிது; இவற்றோடும் அப்படித்தான்.

முதலில், ஆடற்காரிக்கும் விளையாட்டு மருத்துவத்துக்கும் என்ன உறவு என்பதைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். பரதத்தின் அடிப்படை நிலையான அரைமண்டியை எடுத்துக்கொள்வோம். பாதங்கள் வெளிநோக்கித் திரும்ப, முழங்கால்கள் பக்கவாட்டில் மடிய, முதுகு நிமிர்ந்திருக்க வேண்டும். இந்தத் திருப்பம் இடுப்பு மூட்டிலிருந்து வர வேண்டியது. தொடை எலும்பின் கழுத்து எந்தக் கோணத்தில் அமைந்திருக்கிறது என்பது ஆளுக்கு ஆள் வேறுபடும். எல்லோருடைய இடுப்பும் ஒரே அளவுக்குத் திறக்காது. திறக்காத இடுப்போடு பாதத்தை மட்டும் வலிந்து திருப்பினால் அந்த முறுக்கு முழங்காலில் விழும், பாதத்தின் வளைவு சரியும், இடுப்புக்கு மேலே முதுகு உட்குழியும். ஆசிரியர் ‘இன்னும் இரு, இன்னும் இரு’ என்று சொல்லச் சொல்ல, பிள்ளை இந்த மூன்றையும் ஒன்றாகச் செய்துகொண்டிருக்கும். இதற்கு மேல் தட்டடவு: வெறுங்காலால், பெரும்பாலும் சீமெந்துத் தரையில், முதற்காலத்தில் ஒன்று விழுந்த தட்டு மூன்றாம் காலத்தில் நான்காகும். குதித்து மெட்டடவில் விரல் நுனியில் எழும்பிக் குதிகாலை அடிக்கும்போது குதிகால் நாண் படும் பாடு வேறு. வேகப்பந்து வீச்சாளரின் முதுகையும் ஓட்டக்காரியின் கீழ்க்காலையும் பார்க்கிற மருத்துவம் எதைக் கேட்கிறதோ, அதையே அரைமண்டியும் கேட்கிறது: சுமை எவ்வளவு, அது எங்கே இறங்குகிறது, எத்தனை தரம் இறங்குகிறது. பத்து வருடம் ஆடிய பெண் இந்தக் கேள்விகளைத் தன் உடம்பிலேயே கேட்டுப் பழகியவள். அவள் இந்தத் துறைக்குப் போவது தடம் மாறுவதாகாது. சர்வதேச அளவில் ஆடல் மருத்துவத்துக்கென்றே 1990இல் ஒரு சங்கம் தோன்றியது. பாலே ஆடுவோரின் கால் திருப்பத்தைப் பற்றி எழுதப்பட்டவற்றில் பெரும்பகுதியை அரைமண்டிக்கும் வைத்து வாசிக்கலாம்.

இனிப் பள்ளிக்கூடத்துக்கு வருவோம். இலங்கையில் தரம் 6 முதல் அழகியற் கல்வி பாடத்திட்டத்துக்கு உள்ளேயே இருக்கிறது. க.பொ.த. சாதாரண தரத்தில் இதுவரை இருந்துவந்த ஒன்பது பாட அமைப்பில், ஒரு தொகுதி கலை, இசை, நடனம், நாடகம், இலக்கியம் ஆகியவற்றுக்கென ஒதுக்கப்பட்டது. கணிதமும் விஞ்ஞானமும் எழுதுகிற அதே பரீட்சையில், அதே சுட்டெண்ணோடு, பரதத்துக்கு எழுத்துத் தாளும் உண்டு, செய்முறையும் உண்டு. நாளை உயர்தரத்தில் உயிரியல் பிரிவுக்குப் போகிற பிள்ளை நேற்றுவரை அடவையும் அபிநயத்தையும் பாடமாகப் படித்தவளாக இருக்கலாம். அதை எவரும் விநோதமாகப் பார்ப்பதில்லை. இதற்கு வெளியே வட இலங்கைச் சங்கீத சபையின் தரப் பரீட்சைகள், கலாவித்தகர் பட்டம் வரை, இன்னொரு ஏணியாக நிற்கின்றன. தமிழ்நாட்டின் நிலை வேறு. அங்கே ஆடலின் உயரம் நாம் எட்டாதது. 1936இல் ருக்மிணி தேவி தொடங்கிய கலாக்ஷேத்திராவிலிருந்து தெருவுக்குத் தெரு நடக்கும் தனியார் வகுப்புகள் வரை அது பரந்து கிடக்கிறது. நம் ஆசிரியர்கள் பலர் அங்கே போய்க் கற்றுவந்தவர்களே, அந்தக் கடனை மறக்கக்கூடாது. ஆனால் அந்த ஆடல் பள்ளிக்கூடத்துக்கு வெளியே வாழ்கிறது. மத்திய பாடத்திட்டத்தின் மேனிலை வகுப்புகளில் பரதநாட்டியம் விருப்பப் பாடமாக இருப்பது உண்மை. இயற்பியல், வேதியியல், உயிரியலோடு அதையும் எடுக்கும் பிள்ளைகள் அரிது. பெற்றோர் கையில் பணமும் மாலையில் நேரமும் இருக்கிற வீட்டுப் பிள்ளைக்கே அங்கே பெரும்பாலும் ஆடல். நம் ஊரில், குறைந்தபட்சம் கொள்கையளவில், அரசாங்கப் பாடசாலையின் ஆடல் ஆசிரியை அதை எல்லோருக்கும் கொண்டுவருகிறார்.

மருத்துவத்துக்குள் நுழையும் வாசலைப் பற்றிப் பேசும்போது ஒரு ஈழத் தமிழர் தயங்காமல் இருக்க முடியாது. ‘உங்கள் நாட்டின் மருத்துவ அனுமதியையா புகழ்கிறீர்கள்? தரப்படுத்தலை மறந்துவிட்டீர்களா?’ என்று கேட்கலாம். மறக்கவில்லை. 1971இல் மருத்துவ பீடத்துக்குச் சிங்கள மொழி மூல மாணவருக்கு 400க்கு 229 புள்ளி போதும், தமிழ் மொழி மூல மாணவருக்கு 250 வேண்டும் என்று வைத்த காயம் ஒரு தலைமுறையின் போக்கையே மாற்றியது. இன்றைய முறை அதன் வழியில் வந்ததுதான். ஆனால் அதுவே அல்ல. 40 வீதம் அகில இலங்கைத் திறமை, 55 வீதம் மாவட்டம், 5 வீதம் பின்தங்கிய மாவட்டம் என்ற இன்றைய பங்கீட்டில் முல்லைத்தீவுப் பிள்ளைக்கும் கிளிநொச்சிப் பிள்ளைக்கும் இடம் இருக்கிறது. அதைவிட முக்கியமானது, உள்ளே போனபின் கட்டணம் இல்லை. முன்னாள் கல்வி அமைச்சர் கன்னங்கராவின் இலவசக் கல்வி மருத்துவ பீடத்தின் கடைசி வருடம் வரை வருகிறது. தமிழ்நாட்டில் 2020 முதல் அரசுப் பள்ளி மாணவருக்கு மருத்துவ இடங்களில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு கொடுத்தார்கள். மனமாரப் பாராட்ட வேண்டிய ஏற்பாடு அது. விளையாட்டில் சாதித்தவர்களுக்கும் அங்கே சில இடங்கள் உண்டு. ஆனால் மருத்துவ அனுமதிக்கான நீட் என்ற ஒரே தேர்வை ஆண்டுதோறும் 20 லட்சத்துக்கு மேற்பட்டோர் எழுதுகிற நாட்டில், பயிற்சி மையத்துக்குப் போகிற இரண்டு வருடங்களில் சலங்கை பெட்டிக்குள் போய்விடுகிறது. அரசு இடம் தவறினால் தனியார் கல்லூரிக்குப் பெருந்தொகை கட்ட வேண்டும். நம் உயர்தரமும் இலகுவானதல்ல, டியூட்டரிகள் நம் பிள்ளைகளின் மாலைகளையும் விழுங்குகின்றன. இங்கே இடம் கிடைக்காமல் வெளிநாட்டுக்குப் போகிற பிள்ளைகளும் இருக்கிறார்கள். அப்படியிருந்தும், சாதாரண தரம் வரை பாடமாகவே ஆடியவள் அதை விட்ட இடத்திலிருந்து எடுப்பது, மேலதிக வேலையாக ஆடியவள் எடுப்பதைவிட எளிது.

மருத்துவப் பட்டத்துக்குப் பிறகு வரும் பாதையில்தான் இரு நாடுகளின் மனப்போக்கும் தெளிவாகப் பிரிகிறது. சொற்களே அதைச் சொல்லும். இங்கே போதனா வைத்தியசாலை, உள்ளகப் பயிற்சி, பட்டப்பின் படிப்பு, இயன்மருத்துவர். அங்கே மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, ஹவுஸ் சர்ஜன், முதுநிலைப் படிப்பு, இயன்முறை மருத்துவர். பொருள் ஒன்றுதான், காதுக்கு மட்டும் இரண்டு ஊர். இலங்கையில் ஐந்து வருடப் படிப்பும் ஒரு வருட உள்ளகப் பயிற்சியும் முடித்தவருக்குக் கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் மருத்துவ நிறுவகத்தில் விளையாட்டு மருத்துவத்துக்கு டிப்ளோமாவும் எம்.டி.யும் இருக்கின்றன. அரச சேவையில் இருக்கும் வைத்தியர் சம்பளத்தோடு படிக்கிறார். வெளிநாட்டுப் பயிற்சியும் நிபுணத்துவத்தின் ஒரு பகுதி. கொழும்பில் விளையாட்டு அமைச்சின் கீழ் விளையாட்டு மருத்துவ நிறுவகம் இயங்குகிறது, அரசாங்க வைத்தியசாலைகளிலும் பிரிவுகள் உள்ளன. கவனிக்க வேண்டியது இது: இங்கே விளையாட்டு மருத்துவம் கத்தி எடுக்காத துறை. பரிசோதித்து, காரணம் கண்டு, உடற்பயிற்சியை மருந்துபோல அளவு குறித்து எழுதிக் கொடுத்து, இயன்மருத்துவரோடு சேர்ந்து ஆளை மீட்டெடுப்பது அதன் வேலை. இந்தியாவிலும் எம்.டி. உண்டு, பட்டியாலாவின் தேசிய விளையாட்டு நிறுவனம், டெல்லி சப்தர்ஜங்கில் 2010இல் திறந்த விளையாட்டுக் காய மையம் ஆகியவற்றின் பெயர் பெரிது. ஆனால் நகரங்களின் மருத்துவமனைப் பலகைகளையும் விளம்பரங்களையும் பார்க்கும் அளவில், அங்கே ‘ஸ்போர்ட்ஸ் மெடிசின்’ என்ற சொல்லின் பின்னால் நிற்பவர் பெரும்பாலும் மூட்டுக்குள் குழாய் விட்டு அறுவை செய்யும் எலும்பு மருத்துவரே. கிழிந்த நாணுக்கு அவர் வேண்டும்தான். அரைமண்டி வலிக்கு அவரால் ஆவது குறைவு. அந்த வலிக்குத் தேவை அடவைப் பார்க்கத் தெரிந்த கண்.

இந்தியாவின் பக்கம் மறுக்கவே முடியாத பலம் இருக்கிறது. பந்துவீச்சுப் பாணியைச் சோதிக்கச் சர்வதேச கிரிக்கெட் சபை அங்கீகரித்த ஆய்வுகூடம் போரூர் ஸ்ரீராமச்சந்திராவில் இருக்கிறது; 2019 ஆகஸ்ட்டில் நம் சுழற்பந்து வீச்சாளர் அகில தனஞ்சய அங்கேதான் சோதிக்கப்பட்டார், அடுத்த மாதம் 12 மாதத் தடையும் வந்தது. ஊக்கமருந்துச் சோதனைக்கு உலக அங்கீகாரம் பெற்ற ஆய்வுகூடம் டெல்லியில் உண்டு. 2013இன் 33ஆம் இலக்கச் சட்டத்தோடு நமக்கு ஊக்கமருந்துத் தடுப்பு முகவரகம் வந்தாலும் மாதிரிகளை வெளிநாட்டுக்குத்தான் அனுப்புகிறோம். ஆடலையும் மருத்துவத்தையும் இணைத்துப் பேசினால் நடனக் கலைஞர் சுதா சந்திரனைத் தாண்டிப் போக முடியாது: 1981இல் திருச்சிக்கு அருகே நடந்த விபத்தால் காலை இழந்து, ஜெய்ப்பூர்க் காலோடு மீண்டும் மேடையேறியவர். அந்தக் காலை மருத்துவர் பி.கே. சேத்தியும் கைவினைஞர் ராம்சந்திர சர்மாவும் சேர்ந்து உருவாக்கினார்கள். இந்தியாவின் மேதைமை இதுதான், குறைந்த விலையில் பெரிய தீர்வு. போரால் கால் இழந்த நம் மக்களுக்கும் அந்தக் கால் பயன்பட்டது. இவ்வளவையும் ஒப்புக்கொண்டபின் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஆய்வுகூடம் கோணத்தை அளக்கும். அளக்க வேண்டிய கோணம் எது என்று அறிய வேறு படிப்பு வேண்டும். பந்துவீச்சாளர் முரளிதரனின் பிறவியிலேயே முழுதாய் நீளாத முழங்கையை 1995இல் மெல்பேர்னில் நடுவர் ஒருவர் வெறுங்கண்ணால் பார்த்து, முறையற்ற வீச்சு என்று தீர்ப்பிட்டார். அதன்பின் வந்த அளவீடுகளே பந்து வீசும்போது முழங்கை 15 பாகை வரை நீளலாம் என்ற விதிக்கு உலகைக் கொண்டு சேர்த்தன. கண்டித் தமிழன் ஒருவனின் கையை முன்னிட்டு உலகம் மூட்டைப் பற்றிப் படித்தது. மூட்டைப் பற்றிய அக்கறை நமக்கு இரவல் சரக்கல்ல.

ஆடல் கலைதானே, அதை விளையாட்டு மருத்துவத்தின் கீழ் கொண்டுவருவது கலையை இழிவுபடுத்தாதா என்பது இரு கரையிலும் எழும் ஆட்சேபம். இதில் இரு கரையும் சமமாகத் தவறுகின்றன. வலியைச் சொல்வது குருவுக்குச் செய்யும் மரியாதைக் குறைவு என்ற எண்ணம் மயிலாப்பூரிலும் உண்டு, நல்லூரிலும் உண்டு. அரங்கேற்றத்துக்கு மூன்று மாதம் முன்பு வாரத்தில் இரண்டு வகுப்பாக இருந்தது தினமும் நான்கு மணித்தியாலமாகிறது. அரை மணித்தியாலத்துக்கும் மேலாக நீளும் வர்ணத்தைத் திரும்பத் திரும்ப ஆடச் செய்கிறோம். திடீரென்று சுமை ஏறுவது காயத்துக்கு ஒரு முக்கிய காரணம் என்பது வேகப்பந்து வீச்சாளர் விடயத்தில் பரவலாக ஏற்கப்பட்ட கருத்து. பதினான்கு வயதுப் பெண்ணின் கீழ்க்கால் எலும்புக்கு மட்டும் அது ஏன் பொருந்தாது? மெலிந்திருக்கச் சொல்லிப் பட்டினி போடுவதால் மாதவிடாய் நின்று எலும்பு பலமிழக்கும் என்பதைச் சர்வதேச ஒலிம்பிக் குழு 2014இல் விரிவாக எடுத்துச் சொன்னது. அரங்கேற்ற உடைக்காகப் பட்டினி கிடக்கிற பிள்ளைக்கும் அது சொன்னதுதான். இவற்றைக் கேட்க வைப்பவர் ஆடத் தெரிந்த வைத்தியராக இருந்தால் குரு காது கொடுப்பார். இந்த இடத்தில் நமக்கு இன்னொரு வாய்ப்பும் உண்டு. கண்டிய நடனத்தின் அடிப்படை நிலையும் முழங்கால் விரித்து அமர்வதுதான், அதன் பெயரும் மண்டியவே. ஒரே தீவில், ஒரே வைத்தியசாலை வரிசையில், இரு மரபின் முழங்கால்களும் வந்து நிற்கின்றன.

ஆகவே என் கேள்வி நம்மவரை நோக்கியே. மருதனார்மடத்தில் ஆடல் கற்பிக்கும் இராமநாதன் கலைப் பீடமும், 1978இல் தொடங்கிய யாழ்ப்பாண மருத்துவ பீடமும் ஒரே பல்கலைக்கழகத்தின் பிள்ளைகள்; இடையே இருப்பது சில கிலோமீற்றர் தூரம். மட்டக்களப்பில் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் கற்பிக்கும் பீடத்துக்கும் கல்லடியில் உள்ள சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்துக்கும் இதே நிலைதான். ஆடல் மாணவிகளின் இடுப்பு, முழங்கால், கணுக்கால் ஆகியவற்றை முதல் வருடத்திலேயே பரிசோதித்துப் பதிந்து வைக்க ஆய்வுகூடம் தேவையில்லை. ஒரு கோணமானியும் ஒரு பதிவுப் புத்தகமும் மருத்துவ மாணவர் இருவரும் போதும். பயிற்சி மண்டபங்களின் சீமெந்துத் தரைக்கு மேல் பலகைத் தளம் போடுவது ஒரு கட்டட வரவுசெலவுக்குள் அடங்கும் வேலை. இரு பீடாதிபதிகளும் ஒரு மேசையில் அமர்ந்து இதைத் தொடங்க வேண்டும். உயர்தரத்துக்கு உயிரியல் எடுத்த மகளிடம் சலங்கையைக் கழற்றி வைக்கச் சொல்லும் பெற்றோரிடமும் ஒரு வேண்டுகோள்: வாரத்தில் ஒரு நாளாவது அவளை ஆட விடுங்கள்.